மார்பகப் புற்றுநோய் அறுவைசிகிச்சைக்குப் பிறகு: டிரெயின், தையல், தோள்

மார்பில் போட்ட தையல் இரண்டு மூன்று வாரத்தில் தானாகக் கூடிவிடும். தோள் அப்படித் தானாகச் சரியாகாது. வலிக்குப் பயந்து அந்தப் பக்கத்துக் கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டே நாளைக் கடத்தினால், ஒரு மாதம் கழித்துத் தலைசீவக் கை எழாது. ரேடியேஷன் மேஜையில் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கச் சொல்லும்போது முடியாமல் போய், சிகிச்சையே தள்ளிப்போகும். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து "கையை அசைக்காதே" என்று அன்பாகச் சொல்ல நான்கு பேராவது இருப்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதிதான் சரி. பாரம் தூக்கக் கூடாது, அசைக்கத்தான் வேண்டும்.

உங்களுக்கு நடந்தது எந்த ஆபரேஷன்?

இது தெரியாமல் பக்கத்துப் படுக்கைக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்தவர்கள் பெரும்பாலும் டிரெயின் குழாய் (உள்ளே ஊறும் நீரை வெளியேற்றும் குழாய்) இல்லாமலே அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடுவார்கள். முழு மார்பகத்தையும் எடுத்தவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு குழாய் இருக்கும். ஆனால் கை எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது மார்பை விட அக்குள்தான். அங்கே சென்டினல் கணு (மார்பிலிருந்து வரும் நிணநீர் முதலில் சேரும் நிணநீர்க் கணு) என்று இரண்டு மூன்றை மட்டும் எடுத்தார்களா, அக்குள் கணுக்கள் முழுவதையும் வழித்துப் பத்துக்கு மேல் எடுத்தார்களா என்பது டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கைவீக்கம் பற்றி யார் கேட்டாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் இன்னும் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: கையைத் தோளுக்கு மேல் எந்த நாளிலிருந்து தூக்கலாம், குழாயை எத்தனை மி.லி.க்குக் குறைந்தால் எடுப்பார்கள், ராத்திரியில் ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

டிரெயின் குழாய்

மார்பகத்தை எடுத்த இடத்தில், தோலுக்கும் நெஞ்சுத் தசைக்கும் நடுவே வெற்றிடம் உண்டாகிறது. உடம்பு அதை நீரால் நிரப்பப் பார்க்கும். குழாய் அந்த நீரை இழுத்து வெளியேற்றி, தோலைத் தசையோடு ஒட்டவைக்கிறது. இழுக்கும் வேலையைச் செய்வது முனையில் உள்ள பல்பு, அல்லது துருத்தி போல மடிந்து அமுங்கும் டப்பா. அது அமுங்கியே இருந்தால்தான் இழுக்கும். நிரம்ப நிரம்ப இழுப்பு குறையும் என்பதால் முழுதும் நிரம்பும் வரை காத்திருக்கக் கூடாது. காலையும் இரவும் ஒரே நேரத்தில் காலி செய்யுங்கள். நடுவில் பாதி நிரம்பினாலும் காலி செய்யுங்கள்.

1. சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். மி.லி. கோடு போட்ட ஒரு குவளையை இதற்கென்றே தனியாக வையுங்கள்.

2. குழாயை உருவிவிடச் (அடைப்பு நீங்க விரலால் வழித்துவிடச்) சொல்லியிருந்தால்: தோலை ஒட்டிய இடத்தில் ஒரு கையின் இரண்டு விரலால் குழாயை இறுக்கிப் பிடியுங்கள். இந்தப் பிடி நழுவினால் தையல் இழுபடும். மறு கையின் விரலில் கொஞ்சம் சோப்பு நுரை அல்லது லோஷன் தடவி, குழாயை நசுக்கியபடி பல்பு வரை வழித்துக்கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் உள்ளே நூல் போல உறைந்த ரத்தம் நகர்ந்து வந்துவிடும்.

3. மூடியைத் திறந்து குவளையில் ஊற்றுங்கள். பல்பின் வாயிலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படக் கூடாது.

4. பல்பைக் காற்று முழுதும் போகும்படி உள்ளங்கையில் அமுக்கி, அமுக்கிய பிடியிலேயே மூடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: மூடிவிட்டுப் பிறகு அமுக்குகிறார்கள். கையை எடுத்ததும் அது பழையபடி உப்பிவிடும், இழுப்பு இருக்காது.

5. குவளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுபோய் அளவு பாருங்கள். தேதி, நேரம், மி.லி., நிறம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு குழாய் இருந்தால் ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டித் தனித்தனியாக எழுதுங்கள். கூட்டி எழுதினால் எதை முதலில் எடுப்பது என்று டாக்டருக்குத் தெரியாது.

முதல் ஓரிரு நாள் ரத்த நிறம், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் மஞ்சள்: இதுதான் வழக்கமான போக்கு. 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்கும் குறைவாக அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் எடுத்துவிடுவது பரவலான வழக்கம். சிலர் 20 வரை காத்திருப்பார்கள். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம். நேற்று 25, இன்று 60 என்று ஏறினால் கையை அதிகம் உழைக்கவிட்டீர்களா என்று முதலில் யோசியுங்கள்.

மூடிய சில நிமிடத்திலேயே பல்பு உப்பிக்கொண்டால் எங்கோ காற்று நுழைகிறது. மூடியையும் குழாய் பல்பில் சேரும் இடத்தையும் அழுத்திப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால், தோலுக்கு வெளியே குழாயின் ஓட்டைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் குழாய் நழுவி வந்திருக்கிறது. உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான துணியால் மூடிவிட்டு அன்றே அழையுங்கள். குழாயில் திடீரென்று ஒன்றும் வரவில்லை, ஆனால் சுற்றியுள்ள கட்டு நனைந்திருக்கிறது என்றால் அடைப்பு. மேலே சொன்னபடி விரலால் வழித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் ஒரு மணி நேரத்தில் பல்பை நிரப்புவதோ, மார்புத் தோல் இறுகி மேடாக வீங்குவதோ வீட்டில் வைத்துப் பார்க்கும் சமாசாரம் இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல்பு தொங்கினால் தையல் இழுக்கும். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டையின் உட்புறம், பல்பில் உள்ள வளையத்தில் மட்டும் ஊக்கைக் குத்தி மாட்டுங்கள். குளிக்கும்போது கழுத்தில் மென்மையான நாடா போட்டு அதில் மாட்டிக்கொள்ளலாம்.

தையலும் குளியலும்

குளிக்கலாமா என்பது கட்டின் வகையைப் பொறுத்தது. நீர் புகாத கட்டு அல்லது தோல் பசை போட்டிருந்தால் இரண்டாம் நாளிலிருந்தே மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் குளிக்க அனுமதிப்பார்கள். தொட்டியில் அமிழ்வதும் நீச்சலும் தையல் முழுதாக ஆறும் வரை வேண்டாம். குளித்ததும் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தையல் மேல் ஒட்டிய காகிதப் பட்டைகளின் ஓரம் ஒரு வாரத்தில் சுருண்டுகொள்ளும். பிய்த்து எடுக்கக் கை பரபரக்கும். விட்டுவிடுங்கள், தானே உதிரும். பவுடர், க்ரீம், அக்குள் வாசனைத் திரவியம் எதுவும் ஆறும் வரை அங்கே படக் கூடாது.

தொற்று பெரும்பாலும் முதல் வாரக் கடைசியிலிருந்து இரண்டாம் வாரத்துக்குள் தலைகாட்டும். தையல் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு இயல்புதான். சிவப்பு பரவுகிறதா என்ற சந்தேகம் வந்தால் அதன் எல்லையில் பேனாவால் கோடு போடுங்கள். ஆறு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. சூடு, சீழ், நாற்றம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் எதுவானாலும் அன்றே காட்டுங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

குழாய் எடுத்த பிறகு தையலுக்குக் கீழோ அக்குளிலோ நீர் கட்டி, நடக்கும்போது தண்ணீர்ப் பை போலத் தளும்பலாம். இதற்குச் செரோமா என்று பெயர். புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று பதற வேண்டாம், நீர்தான். சிறியதை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். தோலை இறுக்கும் அளவு பெரிதானால் டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். அந்த இடம் ஏற்கெனவே மரத்திருப்பதால் அவ்வளவாக வலிக்காது. இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டி வருவதும் உண்டு. வீட்டில் அழுத்திப் பிதுக்கிப் பார்க்காதீர்கள்.

வலி இரண்டு வகை

வெட்டுக்காய வலி முதல் மூன்று நாள் அதிகம், பிறகு நாளுக்கு நாள் இறங்கும். அந்த மூன்று நாளும் வலி ஏறும் வரை காத்திராமல் எழுதிக்கொடுத்த மாத்திரையை மணி பார்த்துப் போடுங்கள். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 1 கிராம், 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்சவரம்பு. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. வேறு பெயரில் வரும் பல கலவை மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும்; அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துப் போட்டு வரம்பைத் தாண்டுவது சாதாரணமாக நடக்கிறது. வீரியமான வலிமாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும். முக்கினால் மார்பு இழுக்கும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று நரம்பு வலி. அக்குள் வழியாக மேல்கையின் உட்புறத்துக்குப் போகும் நரம்பு ஒன்று ஆபரேஷனில் இழுபடும், சில சமயம் அறுபடும். அதனால் அக்குளும் மேல்கை உட்புறமும் மரத்துப்போகும், எரியும், சுருக்கென்று மின்சாரம் பாய்ந்தது போலக் குத்தும், சட்டை உரசினாலே கூசும். எடுத்த மார்பகம் இன்னும் இருப்பது போலவும், அதன் காம்பில் அரிப்பது போலவும் தோன்றுவது உண்டு. மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நரம்பின் வேலை அது. மாதக்கணக்கில் மெல்லக் குறையும். மூன்று மாதம் தாண்டியும் தூக்கத்தைக் கெடுத்தால் பாராசிட்டமாலைத் தொடர்ந்து விழுங்குவதில் பயனில்லை. நரம்பு வலிக்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன, கேளுங்கள். மரத்த அக்குளில் பிளேடு வெட்டினாலும் தெரியாது, வெந்நீர்ப் பை சுட்டாலும் தெரியாது. முடியை எடுக்க மின்சார டிரிம்மர் நல்லது. அங்கே வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.

சென்டினல் கணுவைத் தேட நீலச் சாயம் ஏற்றியிருந்தால் ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். மார்புத் தோலில் நீலக் கறை மாதங்கள் கூட நிற்கும். இரண்டாலும் கெடுதல் இல்லை.

தோளை மீட்பது

முதல் நாளே தொடங்கலாம். விரல்களை மூடித் திறப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது, இரண்டு தோளையும் காதை நோக்கித் தூக்கி இறக்குவது, பின்னோக்கி வட்டமாகச் சுழற்றுவது: ஒவ்வொன்றும் ஐந்திலிருந்து ஏழு தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூக்கால் ஆழமாக மூச்சை இழுத்து நிதானமாக விடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலியில் மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் சளி கட்டும். முகம் கழுவுவது, தலைசீவுவது, சாப்பிடுவது எல்லாம் அந்தக் கையாலேயே நடக்கட்டும். குழாய் இருக்கும்வரை முழங்கை தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் பொதுவான எல்லை.

குழாய் எடுத்து, டாக்டரும் சரி என்ற பிறகு அடுத்த கட்டம். மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஒரு குச்சியையோ குடையையோ பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல கை மற்றதைத் தூக்கிக்கொண்டு போக, இரண்டும் தலைக்கு மேலே நகரட்டும். இழுக்கும் இடம் வந்ததும் நின்று ஐந்து விநாடி பிடித்து, மெல்ல இறக்குங்கள். அடுத்தது, கைகளைப் பிடரியில் கோத்துப் படுத்தபடி முழங்கைகளை விரித்துத் தரையை நோக்கி இறக்குவது.

சுவர் ஏறுவதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. சுவரைப் பார்த்து ஒரு முழங்கை தூரத்தில் நின்று, விரல்களைச் சிலந்தி போல நகர்த்தி மேலே ஏற்றுங்கள். எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். முதலில் நல்ல கையால் எட்டி ஒரு கோடு போட்டுவிட்டால், போக வேண்டிய தூரமும் தெரியும். உடம்பு ஏமாற்றப் பார்க்கும்: தோளைக் காதுக்குத் தூக்கியோ, இடுப்பைச் சாய்த்தோ கோட்டைத் தொட்டுவிடும். அது கணக்கில் சேராது. முன்பக்கம் பார்த்து ஐந்து தடவை ஏறியபின், பக்கவாட்டில் நின்று ஐந்து தடவை ஏறுங்கள். வெந்நீரில் குளித்த கையோடு செய்தால் தசை இளகி, இரண்டு விரற்கடை கூடுதலாகவே எட்டும்.

எவ்வளவு வலி வரை போகலாம்? இழுப்பது போல இருந்தால் போகலாம், குத்தினால் நிறுத்துங்கள். பயிற்சி முடித்து அரை மணி நேரத்துக்குப் பிறகும் வலி தங்கினால் அடுத்த வேளை பாதியாகக் குறையுங்கள், விட்டுவிட வேண்டாம். நான்கிலிருந்து எட்டு வாரத்தில் இரண்டு கையும் ஏறக்குறைய ஒரே உயரம் எட்ட வேண்டும். நான்கு வாரமாகியும் கோடு நகரவில்லையென்றால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில், நன்றாகப் போய்க்கொண்டிருந்த கை ஒருநாள் திடீரென்று பாதியில் நிற்கும். கையை விரித்துத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அக்குளிலிருந்து முழங்கை நோக்கி, சில சமயம் மணிக்கட்டு வரைக்கும், தோலுக்கடியில் வீணைத் தந்தி போல விறைத்த நாண் தெரியும். நிணநீர்க் குழாய்களும் சிறு ரத்தக் குழாய்களும் இறுகி இப்படி ஆகிறது என்று கருதுகிறார்கள். ஆபத்தில்லை. ஆனால் பயந்து கையை மடக்கி வைத்துக்கொண்டால் இன்னும் இறுகும். முழங்கையை நீட்டி, இழுப்பு தெரியும் வரை தினமும் நீட்டிப் பிடியுங்கள்; பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் போய்விடும். சிலசமயம் பயிற்சியின்போது 'டொப்' என்று அறுந்தது போல உணர்வு வந்து கை விடுபடும். நீங்களாக அதை அறுக்க முயல வேண்டாம்.

மார்பை மறுசீரமைத்தவர்களுக்கு மேலே சொன்ன கால அளவு பொருந்தாது. சிலிகான் பை வைத்தவர்கள் சில வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. வயிற்றுச் சதையை எடுத்து மார்பு அமைத்தவர்களுக்கு வயிற்றிலும் பெரிய தையல் இருக்கும், முதல் நாட்களில் சற்றுக் குனிந்தே நடக்க வேண்டும். அவர்கள் அறுவைசிகிச்சை நிபுணர் தந்த தாளை மட்டுமே பின்பற்ற வேண்டும்.

பாரம், தூக்கம், உள்ளாடை

நான்கிலிருந்து ஆறு வாரம், அந்தக் கையால் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். குழந்தை ஓடிவந்தால் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அதை மடியில் ஏறச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுவதற்கு, வலிமாத்திரை மயக்கம் இல்லாமல் திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்ப முடிகிறதா என்பதே சோதனை. தூங்கும்போது முதுகைத் தலையணையால் உயர்த்தி, கைக்கடியில் இன்னொன்று வைத்தால் அக்குள் இழுக்காது. நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி இல்லாத, முன்பக்கம் திறக்கும் மென்மையான உள்ளாடை போதும். மார்பகத்தை எடுத்தவர்கள் தொடக்கத்தில் பஞ்சு அடைத்த லேசான செயற்கை மார்பகத்தை வைத்துக்கொள்ளலாம். எடையுள்ள சிலிகான் மார்பகத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். ரேடியேஷன் இருந்தால் தோல் ஆறிய பின்புதான்.

கைவீக்கம்

சென்டினல் கணு மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்கும், அக்குள் முழுதும் எடுத்தவர்களில் சுமார் இருபது பேருக்கும் லிம்ஃபெடீமா (நிணநீர் தேங்கிக் கை வீங்குவது) வருகிறது. அக்குளுக்கு ரேடியேஷனும் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். வருடங்கள் கழித்தும் வரலாம். மோதிரம் இறுகுவது, கடிகாரப் பட்டை தடம் பதிப்பது, கை கனப்பது ஆகியவை கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்கு முன்பே வந்துவிடும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே, தவறியிருந்தால் இப்போதாவது, தையற்காரர் டேப்பால் இரண்டு கையையும் அளந்து எழுதி வையுங்கள்: மணிக்கட்டு, அங்கிருந்து மேலே ஒவ்வொரு 10 செ.மீ. இடமும். ஒரே இடத்தில் முன்பைவிட 2 செ.மீ. கூடினால் டாக்டரிடம் போங்கள். தொடக்கத்தில் பிடித்தால் கை முழுக்க மாட்டும் அழுத்த உறையும் பயிற்சியும் வீக்கத்தை இறக்கும்.

தோலில் வெடிப்பு, பூச்சிக்கடி, நகக்கண் காயம் வழியாகக் கிருமி நுழைவதுதான் வீக்கத்தைத் தூண்டும் பெரிய காரணம். வெட்டுப்பட்டால் உடனே கழுவிக் கிருமிநாசினி போடுங்கள். கை சிவந்து சுட்டுக் காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை வைக்காதீர்கள். ஆண்டிபயாடிக் அன்றே தொடங்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கவும் ஊசி போடவும் மறு கையைக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் அவசரத்தில் இந்தக் கையில் ஒரு தடவை போட்டுவிட்டார்கள் என்று வாரக்கணக்கில் கலங்க வேண்டியதில்லை. அதனால் வீக்கம் வந்ததற்கான சான்று பலவீனமானது. வாழ்நாள் முழுக்க அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது என்பதும் பழைய பேச்சு. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், லிம்ஃபெடீமா உள்ள பெண்கள் வாரம் இரண்டு முறை, எடையை மெல்ல மெல்லக் கூட்டிப் பயிற்சி செய்தபோது வீக்கம் கூடவில்லை, மோசமாவது குறைந்தது. அடிப்படை 'மெல்ல மெல்ல' என்பதில்தான் இருக்கிறது.

அடுத்த சிகிச்சைக்குத் தயாராவது

திசுப் பரிசோதனை முடிவு பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் வரும். அதில் பார்க்க வேண்டியவை: வெட்டிய ஓரத்தில் புற்று இருக்கிறதா, எத்தனை கணுவில் இருக்கிறது, ஈஆர், பிஆர் (ஹார்மோனால் புற்று வளர்கிறதா என்று காட்டுபவை), ஹெர்2 (புற்று செல்லில் உள்ள ஒரு புரதம்) என்ன. ஓரத்தில் இருந்தால் இன்னொரு சிறு ஆபரேஷன் வேண்டியிருக்கும். கீமோ நடக்கும் காலத்தில் 38 டிகிரி காய்ச்சல் என்பது தனி விஷயம்: மாத்திரை போட்டுக் குறைத்துப் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரேடியேஷனுக்கு அளவெடுக்கும் நாளில், கை தலைக்கு மேலே இருக்க, அசையாமல் இருபது முப்பது நிமிடம் மல்லாந்து படுக்க வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கட்டிலில் ஒத்திகை பாருங்கள்: கைக்கடியில் தலையணை வைத்து ஐந்து நிமிடத்தில் தொடங்கி, தலையணையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே இருபது நிமிடம் வரை கொண்டு வாருங்கள். அன்று கிளம்பும் முன் டாக்டர் சொன்ன வலிமாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். ரேடியேஷன் நெஞ்சுத் தசையை இறுக்கும்; முடிந்து மாதங்கள் கழித்துக்கூட அந்த இறுக்கம் வளரும். ஆகவே சுவர் ஏறுவதை ரேடியேஷன் நடக்கும் நாட்களிலும் விட வேண்டாம், முடிந்த பிறகும் ஓரிரு வருடம் நாளுக்கு ஒருமுறையாவது செய்யுங்கள். சுவரில் போட்ட பென்சில் கோட்டை அதுவரை அழிக்க வேண்டாம்.